மூன்று தசம் இரண்டு

பின்வளவில் இருந்த நீல வாளி நாறத் தொடங்கி இன்றோடு நான்கு நாள்.

தம்பி வினோஜன் ஞாயிற்றுக்கிழமை காலை கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போன வாளி அது. உள்ளே மீன்குடல், செதில், கோழித்தலை. வாவியில் கூடு கட்டி அவன் வளர்க்கிற நண்டுகளுக்குத் தீனி. “பின்னேரம் வந்து எடுக்கிறன்” என்றவன் அன்றும் வரவில்லை, திங்களும் வரவில்லை, நேற்று புதனும் வரவில்லை. நண்டுகள் எதைத் தின்றனவோ தெரியாது. கஜானி நான்கு நாளாக அந்த நாற்றத்தைத்தான் தின்றுகொண்டிருந்தாள்.

போதாக்குறைக்கு மலசலகூடக் குழியும் நிரம்பிவிட்டது. மார்கழி மழை விட்டு இரண்டு நாளாகியும் தண்ணீர் இறங்கவில்லை. வாவி பின்வேலியைத் தாண்டி இரண்டாவது தென்னை மரத்தடிவரை வந்து, போகிற உத்தேசமே இல்லாமல் நின்றது. அதில் மிதந்ததையெல்லாம் எழுதினால் நீங்கள் கையிலிருக்கும் தேத்தண்ணியைக் கீழே வைத்துவிடுவீர்கள்.

ஆனால் கஜானியின் கணினித் திரையில், வலது மேல்மூலையில் இருந்த சின்னப் பச்சைப் பெட்டி மட்டும் நிம்மதியாகச் சொல்லிக்கொண்டிருந்தது: வாவி நீர்மட்டம் 3.2 அடி.

அந்தப் பெட்டியால்தான் நேற்று இந்த வீட்டில் ரகளை. கதையில் நேற்று, உங்களுக்குப் போன வாரம். கஜானியின் கணவன் உதயரூபன் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தானே, நினைவிருக்கும். “தண்ணி வரம்புக்கு மேல நிக்குது. கதிர் தள்ளப்போற குடலைப் பயிர் மூச்சு முட்டிக் கிடக்கு. உங்கட மகள்ட பெட்டி மூண்டு தசம் ரெண்டு எண்டு சொல்லுது. பெட்டி பொய் சொல்லுது மாமா” என்று மாமனார் அருமைநாயகத்தின் முகத்துக்கு நேரே சொன்னான். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பழுகாமத்துக்கு, தாய் வீட்டுக்குப் போனவன் இன்னும் திரும்பவில்லை.

அருமைநாயகம் அவனுடைய முதுகைப் பார்த்துச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். “இது என்ட மகளுக்கு நான் குடுத்த வீடு. இஞ்ச சத்தம் போடப்படாது.”

கஜானிக்கு அப்பா சொன்னதும் பிடிக்கவில்லை, கணவன் சொன்னதும் பிடிக்கவில்லை. ஆனால் எதில் அதிகம் சுட்டது என்று கேட்டால், கணவன் சொன்னதில்தான். கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே மென்பொருள் வேலை பார்க்கிறவள் அவள். அவள் கையால் செய்த பெட்டியா பொய் சொல்லும்? பிழை பெட்டியில் இல்லை என்று நிரூபித்து, திரையைப் படம் பிடித்து அவனுக்கு அனுப்பிவிட்டுத்தான் மறுவேலை என்று காலை ஏழரைக்கே கணினிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

அந்தப் பெட்டி விளையாட்டுக்குச் செய்ததும் அல்ல. மாரி வந்தால் வாவியின் இரண்டு கரைக்கும் ஒரு சண்டை வரும். மேற்கே படுவான்கரையில் நெல் விதைத்தவர்கள், முகத்துவாரத்து மணல்மேட்டை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடு என்பார்கள். மீன்காரர்கள், பொறு, இறால் ஓடிவிடும் என்பார்கள். தோணித்துறையில் நட்டிருக்கிற மஞ்சள் அளவுக் கம்பத்தை ஆளுக்கொரு மாதிரி வாசிப்பார்கள். இந்தக் கூத்தைப் பொறுக்க முடியாமல்தான் இரண்டு கரையும் சேர்ந்து வாவிக் கூட்டுக் குழு என்று ஒன்றை உண்டாக்கி, ஒரே ஒரு சட்டம் போட்டது. தண்ணீர் நான்கு அடியைத் தொட்டால் முகத்துவாரம் வெட்டப்படும். தொடாவிட்டால் இல்லை.

குழுவின் செயலாளர் அருமைநாயகம். முப்பத்திரண்டு வருடம் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்றவர்.

எல்லோருக்கும் ஒரே எண் தெரிய வேண்டும் என்று கஜானி காசு வாங்காமல் செய்து கொடுத்தது அந்தப் பெட்டி. மூன்று கணினிகளில் இருந்தது. ஒன்று இந்த வீட்டில், ஒன்று கல்லடிப் பொது மண்டபத்தில், ஒன்று பழுகாமத்தில் கமக்காரர் சங்கத்தில். மூன்றிலும் நான்கு நாளாக 3.1, 3.2, 3.2. இன்று பின்னேரம் மூன்று மணிக்குக் குழு கூடுகிறது. எண் இதேதான் என்றால் முகத்துவாரம் வெட்டமாட்டார்கள். வெட்டாவிட்டால் உதயரூபனின் தாயுடைய நாலு ஏக்கரும், அது கிடக்கிற வயல் வட்டை முழுவதும் தண்ணீருக்குள் அழுகும்.

முதலில் அவள் நேரக்கணக்கைப் பார்த்தாள். பெட்டி அரை மணிக்கு ஒருமுறை புதிய எண்ணைக் கேட்க வேண்டும். கேட்காமல் தூங்கிவிட்டதா? இல்லை. ஏழரைக்குக் கேட்டிருக்கிறது, பதிலும் வாங்கியிருக்கிறது.

பதில் கிடைக்காத நேரத்துக்கென்று பழைய எண் ஒன்றைச் சேமித்து வைக்கும்படி எழுதியிருந்தாள். ஒருவேளை அதையே திரும்பத் திரும்பக் காட்டுகிறதோ? சேமித்ததை அழித்தாள். பெட்டி ஒரு நிமிடம் வெறுமையானது. பிறகு பச்சையாக எழுந்து 3.2 என்றது.

ஆக, பெட்டி தூங்கவும் இல்லை, பழசைக் கக்கவும் இல்லை. எங்கிருந்து கேட்கிறதோ அங்கிருந்துதான் 3.2 வருகிறது. கஜானிக்கு உள்ளுக்குள் சின்னச் சந்தோஷம். பார்த்தாயா, என் பெட்டியில் பிழை இல்லை!

அப்படியென்றால் பிழை தோணித்துறையில். கம்பத்தை வாசித்துத் தினமும் காலை ஆறு மணிக்குக் கைப்பேசியில் எண் அனுப்புகிறவர் கதிர்காமத்தம்பி. அறுபது தாண்டிய தோணிக்காரர். கண் மங்கியிருக்கலாம். அவருக்கு அழைப்பு எடுத்தாள்.

“மாமா, இண்டைக்குக் காலம்பற எவ்வளவு போட்டீங்க?”

“நாலரை, மகள்.”

“எவ்வளவு?”

“நாலரை எண்டு சொல்லுறன். கம்பத்தில சிவப்பு வளையம் தண்ணிக்குள்ள தாண்டு போயிற்று. நேத்து நாலு தசம் மூண்டு போட்டன். ஏன் மகள், அங்க தெரியல்லியா? நானும் யோசிச்சன், இவ்வளவு ஏறியும் ஏன் இன்னும் வெட்டாம இருக்காங்க எண்டு.”

கஜானியின் சின்னச் சந்தோஷம் அந்த இடத்திலேயே செத்தது. கம்பத்தில் நாலரை. பெட்டியில் மூன்று தசம் இரண்டு. நடுவில் ஒரு அடிக்கு மேல் தண்ணீரை யாரோ விழுங்கியிருக்கிறார்கள்.

நடுவில் இருப்பது ஒன்றே ஒன்றுதான். கதிர்காமத்தம்பி அனுப்புகிற எண் போய் விழுகிற ஷீட். இணையத்தில் இருக்கிற ஒரு பேரேடு மாதிரி. அதைத் திறந்தாள்.

முதல் பக்கத்தில் திகதிகள் ஒழுங்காக இருந்தன. ஞாயிறு 3.10. திங்கள் 3.10. செவ்வாய் 3.20. புதன் 3.20. இன்று 3.20. அதற்குக் கீழே வரப்போகிற நாட்களுக்கும் எண்கள் முன்கூட்டியே நிரப்பப்பட்டிருந்தன. நாலரை எங்கேயும் இல்லை. அப்போதுதான் திரையின் அடியைப் பார்த்தாள். ஒரு பக்கம் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பக்கம் இருந்தது. பழைய பக்கத்தை யாரோ இரண்டாவதாகத் தள்ளிவிட்டு, முன்னால் புதிதாக ஒன்றைச் சொருகியிருந்தார்கள். தள்ளப்பட்ட பக்கத்தைத் திறந்தால் கதிர்காமத்தம்பியின் எண்கள் அத்தனையும் வரிசையாக நின்றன. 3.1. 4.0. 4.1. 4.3. 4.5.

பாவம் பெட்டி. முதல் பக்கத்தில் அன்றைய திகதி வரியை வாசி என்று அவள்தான் அதற்குச் சொல்லியிருந்தாள். பக்கத்தின் பெயரைச் சொல்லி வாசிக்க வைத்திருக்க வேண்டும். அன்று சோம்பல். ஒரு பக்கம்தானே என்று விட்டுவிட்டாள். பெட்டி சொன்னதைச் செய்தது.

யார் செய்தது? மாற்றங்களின் வரலாற்றைத் திறந்தாள். ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து இருபது. செய்தவர் பெயர்: கஜானி அருமைநாயகம்.

ஞாயிறு பத்து இருபதுக்கு அவள் பூசைக்கு அம்மாவோடு கோயிலில் நின்றாள். கணினி இந்த மேசையில் திறந்தபடி கிடந்தது. வீட்டில் இருந்தவர்கள் இரண்டு பேர். வாளியோடு வந்த வினோஜன். சாய்மனைக் கதிரையில் அப்பா.

வினோஜனாகத்தான் இருக்கும் என்று நினைத்தாள். அப்படி நினைக்கத்தான் ஆசைப்பட்டாள். பிறகு அந்தப் புதிய பக்கத்தை இன்னொரு முறை மேலிருந்து பார்த்தாள். முதல் கட்டத்தில் ஒரே ஒரு எழுத்து இருந்தது.

உ

தலைப்பு வரி என்று நினைத்துப் பெட்டி தாண்டிப் போகிற வரி அது. அதனால் அந்த எழுத்து நான்கு நாளாக யாருடைய கண்ணிலும் படாமல் கோயில் பிள்ளையார் மாதிரி சௌக்கியமாக உட்கார்ந்திருந்தது. பிள்ளையார் சுழி! வினோஜன் கலியாண வீட்டு மொய்க்கே சுழி போடாதவன். சந்தைக்குப் போகிற சாமான் துண்டிலும் மின்சாரச் சிட்டையின் பின்பக்கத்திலும் சுழி போடுகிறவர் இந்த வீட்டில் ஒருவர்தான். மூன்று தசம் ஒன்றை மூன்று தசம் ஒன்று பூச்சியம் என்று கந்தோர் முறையில் எழுதுகிறவரும் அவர்தான்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. பெட்டியை நிறுவிய அன்று அவளே அப்பாவிடம் சொல்லியிருந்தாள், “இது முதலாம் பக்கத்தத்தான் பாக்கும் அப்பா, அதுக்கு முன்னால ஒண்டும் போட்டிராதீங்க” என்று. நல்ல கிளாக்கர். கவனமாகத்தான் கேட்டிருக்கிறார்.

வாயில் எச்சில் ஊறிக் கசந்தது. எழுந்து போய்த் துப்பிவிட்டு வந்தாள். விசைப்பலகையில் அப்பாவின் விரல்பட்ட விபூதித் தூள் பரவியிருந்தது. அதைத் துடைக்கக்கூடப் பிடிக்கவில்லை.

மத்தியானம் அருமைநாயகம் குளித்து, விபூதி பூசி, சாப்பிட உட்கார்ந்தார். மூன்று மணிக் கூட்டத்துக்கான தாள்கள் அடங்கிய கோவை பக்கத்துக் கதிரையில் இருந்தது. அம்மா புஸ்பம் சோறு போட்டாள். கஜானி எதிரே நின்றாள். அப்பா மீன் துண்டிலிருந்து முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் அடுக்கினார். இத்தனை வருடமாக எத்தனையோ முறை பார்த்த விரல்கள். இன்று அவை விசைப்பலகையில் நடந்ததுதான் கண்ணில் நின்றது.

“அப்பா, ஞாயிற்றுக்கிழமை நாங்க கோயிலுக்குப் போன நேரம் என்ட கொம்பியூட்டர்ல என்ன செய்தீங்க?”

“புஸ்பம், கொஞ்சம் சொதி விடு.”

“உங்களிட்டத்தான் கேக்கிறன். ஒரு பக்கம் புதுசா வந்திருக்கு. மேல சுழி போட்டிருக்கு. பொய் எழுதவும் பிள்ளையார் சுழியா அப்பா?”

அவர் விரல் நின்றது. முகம் கறுக்கும் என்று கஜானி எதிர்பார்த்தாள். இல்லை.

“எழுதத் தொடங்கினாப் போடுற பழக்கம். கை தானாப் போகுது” என்றார். சுழிக்குத்தான் சமாதானம் சொன்னார், பொய்க்கு அல்ல.

“ஏன் செய்தீங்க?”

“கூட்டுக்க ஆயிரத்தி இருநூறு நண்டு உயிரோட கிடக்கு. இப்ப முகத்துவாரம் வெட்டினா இழுவையில கூடு பிஞ்சு எல்லாம் கடலுக்குப் போயிரும். தம்பி பத்து நாள்தான் கேட்டான். பத்து நாளையில நண்ட லொறியில ஏத்தி வித்திருவான். மறுகா வெட்டட்டும்.”

“பத்து நாளையில பயிர் அழுகிரும்.”

“உன்ட புருஷனுக்கு மாசம் மாசம் சம்பளம் வருது. அவன்ட தாய் ஒரு போகம் தாங்குவா. உன்ட தம்பிக்கு இது மூண்டாவது தொழில். இதுவும் போனா அவன் நிமிரமாட்டான்.”

“அந்த வட்டையில நூறு குடும்பம் அப்பா!”

“சத்தம் போடாத. ஆரும் கேட்டா மெஷின் பிழை எண்டு சொல்லு. மெஷினோட ஆரும் கோபிக்கமாட்டாங்க. பத்து நாள் போனாப்பிறகு அந்தப் பக்கத்த அழிச்சு விடு, முடிஞ்சுது.”

“அழிச்சாலும் அழியாது. செய்த ஆள் எண்டு என்ட பேர்தான் கிடக்கும்.”

“அதுதான் நல்லம்” என்றார் அருமைநாயகம், சோற்றைப் பிசைந்துகொண்டே. “உன்ட பேர் கிடந்தா பிழை எண்டு நினைப்பாங்க. என்ட பேர் கிடந்தா களவு எண்டு சொல்லுவாங்க.”

இப்படியும் ஒரு கணக்குப் போட்டுத்தான் மகளுடைய கணினியில் உட்கார்ந்தாரா? பெற்ற மகளின் பெயரை, கை துடைக்கிற துணி மாதிரி பக்கத்தில் வைத்துக்கொண்டா பொய் எழுதினார்? சீ!

“சாப்பிடுற இடத்தில என்னத்துக்குகா புள்ள இந்தக் கதை” என்றாள் புஸ்பம். ஆனால் கையிலிருந்த அகப்பையைத் திரும்பச் சட்டிக்குள் போட்டு மூடியால் மூடிவிட்டாள். அருமைநாயகம் சொதி இல்லாமலே சாப்பிட்டு முடித்தார்.

இரண்டே காலுக்கு அவர் குடையும் கோவையுமாகப் புறப்பட்டார். படலையடியில் நின்று, “நீ பேசாம இரு. மிச்சத்த நான் பாத்துக்கொள்ளுறன்” என்று வேறு சொல்லிவிட்டுப் போனார்.

கஜானி கணினிக்கு முன்னால் உட்கார்ந்தாள். மாற்ற வேண்டியது ஒரே ஒரு வரி. முதல் பக்கம் என்ற சொல்லை எடுத்துவிட்டுக் கதிர்காமத்தம்பியின் பக்கத்துக்குப் பெயர் கொடுத்தால் போதும். ஆனால் அந்த வரியை மாற்றிய உடனே மூன்று இடத்திலும் பெட்டி நான்கைத் தாண்டிச் சிவக்கும். நான்கு நாளாக ஏன் பச்சையாக இருந்தது என்று கேட்பார்கள். வரலாற்றைத் திறப்பார்கள். ஒன்று அவள் அவமானப்பட வேண்டும், அல்லது அப்பாவைக் காட்டிக்கொடுக்க வேண்டும். மூன்றாவது வழி, அப்பா சொன்ன மாதிரி பேசாமல் இருப்பது.

கைப்பேசி துடித்தது. உதயரூபன் ஒரு படம் அனுப்பியிருந்தான். பழுப்புத் தண்ணீர், அதற்கு மேலே அங்கங்கே நெல்லின் நுனி மட்டும். கீழே எழுதியிருந்தான்: பிழை கண்டுபிடிச்சியா?

அவள் அந்த வரியை மாற்றினாள். பெட்டி வெறுமையானது. பிறகு இரத்தச் சிவப்பாக எழுந்தது. 4.5.

அப்பாவின் பக்கத்தை அழிக்கவில்லை. கதிர்காமத்தம்பிக்கு எடுத்து, “மாமா, மூண்டு மணிக்கு மண்டபத்துக்கு ஒருக்கா வாங்க” என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தாள்.

மண்டபத்தில் ஐம்பது அறுபது பேர். ஒரு பக்கம் மீன்காரர், மற்றப் பக்கம் நெற்காரர், நடுவில் கலியாண வீட்டில் விடுவது போல ஒரு பாதை. குழுவின் தலைவர் காத்தான்குடி அப்துல் கபூர் ஹாஜியார். மீன் வியாபாரி, அளந்துதான் பேசுவார். நெற்காரர் வரிசையில் முழங்கால்வரை சேறோடு உதயரூபன் நின்றான். கஜானியைப் பார்த்தான், சிரிக்கவில்லை.

மேடையில் பெரிய திரை விரித்திருந்தார்கள். மண்டபத்துக் கணினியின் பெட்டி அதில் ஆளுயரத்துக்குத் தெரிந்தது. அருமைநாயகம் திரைக்கு முதுகைக் காட்டி நின்று, கோவையைத் திறந்து கண்ணாடியை மாட்டினார்.

“இன்று காலை ஆறு மணி நிலவரப்படி வாவியின் நீர்மட்டம் மூன்று தசம் இரண்டு பூச்சியம் அடி. ஆகவே விதிப்படி முகத்துவாரம் வெட்டுவதற்கான தேவை…”

மண்டபத்தில் ஒரு இரைச்சல் எழுந்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார். யாரும் அவரைப் பார்க்கவில்லை, அவருக்குப் பின்னால் பார்த்தார்கள்.

“செயலாளர், ஒருக்காத் திரும்பிப் பாருங்க” என்றார் ஹாஜியார்.

அருமைநாயகம் திரும்பினார். சிவப்பில் 4.5. கண்ணாடியைக் கழற்றித் திரும்ப மாட்டினார். ஆனால் முப்பத்திரண்டு வருடம் கந்தோரில் இருந்தவர் அல்லவா, சுதாரித்துக்கொண்டார்.

“இது மெஷின் பிழை தலைவர். மகள் செய்தது. கவனமில்லாம எதையோ மாத்திப்போட்டாள் போல. அவளும் வந்துதான் நிக்கிறாள், அவளிட்டயே கேளுங்க.”

எல்லா முகமும் கஜானியின் பக்கம் திரும்பியது. அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் கண்ணால் கெஞ்சியிருந்தால் அவள் என்ன செய்திருப்பாளோ, தெரியாது. அவர் கெஞ்சவில்லை. கந்தோரில் கீழே வேலை செய்கிறவளைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

“நாலரைதான் சரி!” பின்வரிசையில் கதிர்காமத்தம்பி எழுந்தார். “என்ட கண்ணால பாத்துப் போட்டது நான்.”

“அப்ப அந்த மூண்டு தசம் ரெண்டு எங்கயிருந்து வந்த, மகள்?” என்று ஹாஜியார் கேட்டார்.

கஜானி மேடையேறினாள். கணினியில் ஷீட்டைத் திறந்து முதல் பக்கத்தைப் பெரிதாக்கினாள். திரையின் உச்சியில் ஆளுயரத்துக்கு ஒரு உ. அதற்குக் கீழே 3.10, 3.10, 3.20, 3.20, 3.20.

அருமைநாயகம் அனுப்பிய கடிதம் போகாத வீடு அந்த மண்டபத்தில் இல்லை. கதவுக்குப் பக்கத்திலேயே இன்றைய கூட்டத்துக்கான அறிவித்தல் ஒட்டியிருந்தது. அதன் உச்சியிலும் அதே உ. சிலர் திரையைப் பார்த்தார்கள், அறிவித்தலைப் பார்த்தார்கள், பிறகு யாரும் அருமைநாயகத்தைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்தார்கள்.

“என்ட பிழையும் ஒண்டு இருக்கு” என்றாள் கஜானி. “முதலாம் பக்கத்தப் பார் எண்டு மட்டும் பெட்டிக்குச் சொன்னன். எந்தப் பக்கம் எண்டு பேர் சொல்லல்ல. அது என்ட கவனயீனம். மத்தது நான் செய்யல்ல.”

யாரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். மீன்காரர் வரிசையில் ஒரு கிழவர் எழுந்து யன்னலடிக்குப் போய் வெளியே காறித் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். முகத்துவாரம் வெட்டவேண்டாம் என்று நேற்றுவரை கத்திய மனிதர் அவர். அந்தச் சத்தத்தில் கஜானியின் காது எரிந்தது.

“நாளைக்கு விடிய வெள்ளாப்பிலயே வெட்டுறம்” என்றார் ஹாஜியார். “வேற கதை இல்ல.”

அருமைநாயகம் கோவையை மேசையில் வைத்துவிட்டு, குடையை மறந்து, நடுப்பாதையால் நடந்து வெளியே போனார். வழி விடுவதற்கு இரண்டு பக்கமும் ஒதுங்கினார்கள். அது மரியாதைக்கு ஒதுங்கிய ஒதுக்கம் அல்ல.

வெளியே மதிலடியில் உதயரூபன் அவளிடம் வந்தான். “பெட்டி பொய் சொல்லுது எண்டு சொன்னன். பெட்டி இல்ல, உங்க அப்…”

“வேணாம்” என்றாள். “அப்பாவ நான் ஏசலாம். நீங்க ஏசப்படாது. இண்டைக்கு மட்டுமாவது ஏசாதீங்க.”

அவன் சேற்றுக் கையை நீட்டி, அழுக்கு என்று நினைத்துத் திரும்ப எடுத்தான். அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். இன்று முழுவதும் தொட்டதில் சுத்தமானது அதுதான் என்று தோன்றியது.

அப்போதுதான் கதிர்காமத்தம்பி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

“கேக்கிறன் எண்டு கோபிக்காத மகள். ஏன் அப்பா இப்பிடிச் செய்தவர்?”

“தம்பிட நண்டுக்குத்தான் மாமா. கூடு பிஞ்சிரும் எண்டு.”

கிழவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “எந்த நண்டு? போன வெள்ளிக்கிழமையே ஏத்திற்றாங்களே! லொறி துறையடிக்கு வந்து, நான்தான் தோணியால கொண்டுபோய்க் குடுத்தன். கூடு அண்டைக்குத் தொட்டு வெறுமையாத்தானே கிடக்கு.”

வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமைதான் வினோஜன் வாளியோடு வந்து அப்பாவிடம் பத்து நாள் கேட்டான். வெறும் கூட்டுக்கு எதற்குப் பத்து நாள்?

கஜானி அங்கேயே நின்று தம்பிக்கு எடுத்தாள். கைப்பேசி நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. மூன்று முறை எடுத்தாள். நான்காவது முறை உதயரூபன் எடுத்துப் பார்த்தான். அவனுக்கும் அதேதான்.

வீட்டுக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பின்வளவில் அருமைநாயகம் சாரத்தை மடித்துக் கட்டி, மூக்கைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு, நீல வாளிக்கு முன்னால் குனிந்திருந்தார். தோளில் ஒரு சுருள் நைலோன் கயிறு. மூடியைத் திறந்ததும் கொழுத்த ஈக்கள் ஒரு மொய்ப்பாக எழும்பின. உள்ளே வெள்ளையாக ஏதோ நெளிந்தது. கஜானி வாயைப் பொத்திக்கொண்டாள்.

“வெட்டத்தான் போறாங்க” என்றார் அவர், அவளைப் பார்க்காமல். “வெட்ட முதல் கூட்ட இறுக்கிக் கட்டோணும். நண்டு நாலு நாளாப் பட்டினி. அவனுக்கு என்ன அலுவலோ, வரல்ல.”

காலையிலிருந்து இந்த மனிதரை நினைத்தாலே அவளுக்குக் குமட்டியது. இன்னும் குமட்டியது. ஆனாலும் அந்தப் புழுத்த வாளியை அவர் இரண்டு கையாலும் தூக்கி, கீழே நின்ற அழுக்குத் தண்ணீர் தெறித்துவிடாமல் நெஞ்சோடு அணைத்ததைப் பார்க்க அவளால் முடியவில்லை.

“அப்பா, கூட்டுக்க ஒண்டும் இல்ல. வெள்ளிக்கிழமையே நண்டு ஏத்தியாச்சு. தம்பி உங்களிட்டப் பொய் சொல்லியிருக்கான்.”

அருமைநாயகம் நின்றார். துண்டுக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன.

“இதையும் உன்ட பெட்டியா சொல்லிச்சு?” என்று கேட்டார்.

பதிலுக்கு நிற்கவில்லை. இரண்டாவது தென்னையைத் தாண்டி, முழங்கால் தண்ணீரில் இறங்கி, வாளியோடு தோணியடிக்கு நடந்தார்.